வைக்கல் கும்பிக்கு எந்த நொதியம்? ஒரே கத்தி, மூன்று பிடிகள்

மாசி மாதம் இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக அறுவடை முடிந்ததும், வெட்டு மெசின் போன வழியெல்லாம் வைக்கல் வரிவரியாகக் கிடக்கும். சூடு மிதித்த காலத்தில் அதைப் பட்டடையாகக் குவித்து மாட்டுக்கு வைத்தார்கள். இப்போது அள்ளிச் சேர்க்க ஆள் கிடைப்பதில்லை, பலர் நெருப்பு வைத்துவிடுகிறார்கள். நாங்களும் வைத்திருக்கிறோம். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோதுதான் எரித்த வைக்கலை நினைத்து வருந்தினோம். அந்த வருடம் முதல்முறையாக, வைக்கலைக் குவித்து உக்கவைத்துப் பசளையாக்க, வேலியோரம் ஒரு கும்பி வைத்தோம். மூன்றாம் கிழமை உள்ளே கையை விட்டால் சுட்டது. கிளறிப் பார்த்தபோது வைக்கலின் மேல் சாம்பல் தூவியது போல ஒரு வெள்ளைப் பூச்சு. அந்த வெள்ளை என்னவென்று தேடப் போய்த்தான், வைக்கலை உடைக்கப் பற்றீரியாக்கள் சுரக்கும் இந்த நொதியங்களிடம் வந்து சேர்ந்தேன்.

சோற்றில் உள்ள மாப்பொருளும் வைக்கலில் உள்ள செலுலோசும் ஒரே குளுக்கோசால் ஆனவை. வித்தியாசம் மூட்டில் இருக்கிறது. மாப்பொருளில் குளுக்கோசுகள் சுருண்டு போகும்படி இணைகின்றன. செலுலோசில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி இணைவதால் இழை நேராக நிற்கும். நேரான இழைகள் பக்கம் பக்கமாக ஒட்டி, ஐதரசன் பிணைப்புகளால் இறுகி, முறுக்கிய கயிறு போல ஆகிவிடும். இடையில் தண்ணீர்கூடப் புக இடமில்லை. ஆகவே செலுலோசை உடைக்கும் நொதியத்துக்கு இரண்டு வேலை. கயிற்றிலிருந்து ஓர் இழையைக் கிளப்ப வேண்டும், பிறகு அதை வெட்ட வேண்டும். வெட்டுவது அவ்வளவு பெரிய காரியமில்லை. அமிலத் தன்மையுள்ள இரண்டு அமினோ அமிலங்களும் ஒரு நீர் மூலக்கூறும் சரியான இடத்தில் நின்றால் மூட்டு அறுந்துவிடும். கிளப்புவதுதான் கடினம்.

நான் ஒப்பிடும் மூன்று பற்றீரியாக்களும் ஒரே வகைக் கத்தி வைத்திருக்கின்றன. ஒன்பதாம் குடும்பம் என்று வகைப்படுத்தியிருக்கும் நொதியப் பகுதி அது. பன்னிரண்டு புரதச் சுருள்கள், ஆறு உள்வட்டத்திலும் ஆறு வெளிவட்டத்திலுமாக நின்று ஒரு பீப்பாயாக அமைகின்றன. அதன் ஒரு முகத்தில் வாய்க்கால் போல ஒரு பள்ளம், இழை வந்து படுக்கும் இடம். கத்தி ஒன்றுதான், பிடியில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

முதலாவது தேர்மோபிஃபிடா ஃபுஸ்கா. கூட்டெருவிலும் சூடான மண்ணிலும் வாழ்வது, காற்று வேண்டும், 50 பாகை செல்சியசுக்கு மேலும் நன்றாக வளரும். எங்கள் கும்பியில் வெள்ளையாகப் பூத்தது இதன் இனத்தவர்தான், அக்டினோமைசீற்று என்னும் நூல் வடிவப் பற்றீரியாக்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்சன் பல பத்தாண்டுகள் இந்த ஒரு பற்றீரியாவின் நொதியங்களோடே இருந்தார். அவர் குழுவினர் 1997 இல் வெளியிட்ட செல்-9ஏ என்ற நொதியத்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. கத்திப் பகுதியின் பக்கத்திலேயே தட்டையான இன்னொரு பகுதி அசையாமல் ஒட்டியிருக்கிறது. அதன் தட்டை முகம், கத்தியின் பள்ளத்துக்கு நேர்கோட்டில் வருகிறது. தையல் மெசினில் துணியை ஊசிக்கு நேரே பிடித்துக் கொடுக்கும் கை போல, இழையைப் பள்ளத்துக்குள் நடத்திக் கொடுப்பது அந்தப் பகுதிதான். பள்ளத்தில் ஆறு குளுக்கோசுக்கு இடம் உண்டு, ஒரு பக்கம் அடைபட்டிருக்கும். இழை அடைப்பில் முட்டியதும், அந்தப் பக்கம் நான்கு குளுக்கோசு இருக்க வெட்டு விழும். பிறகு இழையை விட்டுவிடாமல் அடுத்த வெட்டுக்கு நகரும். கையாக நிற்கும் அந்தப் பகுதியை வெட்டி நீக்கிப் பார்த்தபோது நொதியத்தின் வேலை பெருமளவு படுத்துவிட்டது. இழையின் நடுவில் வெட்டுவதையும் பிடித்தபடி நகர்வதையும் ஒரே உடம்பில் சேர்த்திருக்கிறது இது. இந்தப் பற்றீரியா தன் நொதியங்களைத் தனித்தனியாக வெளியே விட்டுவிடும். கூலிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் வெட்டுவது போல அவை பரவி வேலை செய்யும்.

இரண்டாவது குளொஸ்ட்ரிடியம் தேர்மோசெலம். காற்றே ஆகாது, 60 பாகையில் வளரும். செலுலோசை உடைக்கும் பற்றீரிய நொதியம் (செலுலேசு) ஒன்றின் முப்பரிமாண அமைப்பு முதலில் தெரியவந்தது இதனிடமிருந்துதான், 1992 இல். அதுவும் இதே ஒன்பதாம் குடும்பக் கத்தி. ஆனால் இது தன் கத்திகளில் பெரும்பாலானவற்றைத் தனியே விடுவதில்லை. நீளமான ஒரு புரதத்தில் ஒன்பது வளையங்கள், ஒவ்வொரு நொதியத்தின் முனையிலும் ஒரு கொளுவி. உழவு இயந்திரத்தில் பெட்டியைக் கொளுவுவது போல நொதியங்கள் வளையங்களில் மாட்டிக்கொள்ளும். கொளுவி உருக்குலையாமல் நிற்பதற்குக் கல்சியம் வேண்டும். மாட்டிவிட்டால் பிடி மிக உறுதி. அதே நீளப் புரதத்தில் செலுலோசைப் பற்றும் பகுதி ஒன்றும் உண்டு, மறுமுனை பற்றீரியாவின் உடம்போடு சேர்ந்திருக்கும். ஆய்வாளர்கள் எட் பேயரும் ரஃபேல் லமெட்டும் 1983 இல் இதற்கு வைத்த பெயர் செலுலோசோம். கொளுவியுள்ள புரதங்கள் எழுபதுக்கு மேல் இந்தப் பற்றீரியாவிடம் உள்ளன. ஏன் இவ்வளவு கட்டுமானம்? காற்றில்லாமல் வாழ்பவனுக்குக் கிடைக்கும் சக்தி கொஞ்சம். உடைத்த சர்க்கரை அடுத்தவன் வாய்க்குப் போகாமல் தன் பக்கத்திலேயே விழ வேண்டும்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 75 பாகை வெந்நீரில் வாழும் கால்டிசெலுலோசிரப்டர் பெஸ்சி. இதன் செல்-ஏ நொதியத்தில் ஒரு முனையில் ஒன்பதாம் குடும்பக் கத்தி, மறுமுனையில் இழையின் நுனியிலிருந்து கடித்துப் போகும் நாற்பத்தெட்டாம் குடும்பக் கத்தி, நடுவே செலுலோசைப் பற்றும் மூன்று பகுதிகள். எல்லாம் ஒரே சங்கிலி. 2013 இல் வந்த ஆய்வு, இது செலுலோசின் மேற்பரப்பைச் சீவுவதோடு நிற்காமல் உள்ளே குழி தோண்டுவதையும் காட்டியது. வேகத்தில் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் அந்தச் சூடு ஆலைக் கலனுக்கு உரியது. எங்கள் கும்பி 65 பாகையைத் தொட்டாலே பெரிய காரியம்.

சரி, வயலுக்கு எது? என் தெரிவு முதலாவதுதான். செலுலோசோமின் அழகில் யாரும் மயங்கலாம், நானும் மயங்கினேன். ஆனால் அது சர்க்கரையைத் தனக்கே சேர்க்கும் ஏற்பாடு. தேர்மோபிஃபிடாவின் சர்க்கரை வெளியே சிந்துகிறது. அதற்கு அது நட்டம், எங்களுக்கோ அதுதான் இலாபம். சிந்தியதை வேறு நூறு வகை உயிர்கள் தின்று பெருகினால்தான் கும்பி உக்கும். காற்றுப் புகாத சாணவாயுக் கிடங்கு வைத்திருப்பவர் என்னோடு முரண்படலாம், அங்கே செலுலோசோம் பக்கம்தான் நியாயம். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் ருமினோகொக்கசு ஃபிளவேஃபேசியன்சும் செலுலோசோம் கட்டுகிறதே.

முதலாவதை நம்புகிறவர் அதற்குக் காற்றுக் கொடுக்க வேண்டும். எங்கள் முதல் கும்பியை மிதித்து இறுக்கி, தண்ணீரும் அதிகம் ஊற்றிவிட்டோம். அடிப்பக்கம் புளித்த மணம் அடித்தது. அடுத்த வருடம் சாணமும் கிளிசரிடியா இலையும் இடையிடையே போட்டு, மிதிக்காமல் அடுக்கி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினோம். வெள்ளைப் பூச்சு அடிவரை இறங்கியது. புரட்டும்போது மட்டும் மூக்கையும் வாயையும் துவாயால் கட்டிக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைத் தூளை நெடுக மூச்சில் எடுத்தால் நெஞ்சுக்குக் கேடு.