குன்னூர்ச் சரிவில் 40 வீடுகள்: சாலைப் பாதுகாப்பு ஆய்வுச் சேவை பற்றி

குன்னூருக்கு அருகே தேயிலைச் சரிவொன்றில் 40 வீடுகள் கட்டும் திட்டத்திற்காக, ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்திடம் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆய்வறிக்கை பெற்றோம். பார்வைத் தூரத்தை, அதாவது ஓட்டுநருக்கு முன்னே தெரியும் சாலையின் நீளத்தை, அவர்கள் அளந்த முறை மெச்சத்தக்கது. நுழைவாயில் ஒரு வளைவுக்குச் சற்றுக் கீழே அமைவதால், ஓட்டுநரின் கண் உயரமாகக் கொள்ளப்படும் 1.2 மீட்டரில் ஒருவர் குறிகோலைப் பிடித்து நிற்க, மற்றவர் நாடாவுடன் சாலையோரமாக நடந்தார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற்கு, சாலைத் தரவிதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி நிறுத்தப் பார்வைத் தூரம் (தடையைக் கண்டதும் வண்டியை நிறுத்தத் தேவையான தூரம்) 45 மீட்டர் வேண்டும். அங்கே 31 மீட்டர்தான் இருந்தது. பார்வையை மறைக்கும் மண்மேட்டை வெட்டினால் தடுப்புச்சுவர் எழுப்ப நேரிடும் என்பதால், நுழைவாயிலையே கீழே நகர்த்தச் சொன்ன யோசனை எங்களுக்குப் பெருஞ்செலவைத் தவிர்த்தது.

குறைகளும் உண்டு. இறக்கத்தில் வண்டி நிற்க இன்னும் கூடுதல் தூரம் பிடிக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்கள் கேட்ட பிறகே திருத்தினார்கள். வாகனக் கணக்கெடுப்பை இரு வேலைநாட்களில் முடித்துக்கொண்டார்கள்; மே மாத மலர்க்கண்காட்சிக் கூட்டத்தைக் கண்ட எவரும் அதை ஏற்கமாட்டார். பனிமூட்டத்திற்கு ஒரே ஒரு வரி. பேருந்து நிறுத்தத்திற்கு நடந்து செல்லும் பள்ளிக் குழந்தைகளைப் பற்றி ஒன்றுமே இல்லை. கட்டணம் நியாயமானதே, ஆயினும் சீசன் நாள் கணக்கெடுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.