‘பாவோ’வா, ‘சஞ்சய்ஸ் சூப்பர் டீமா’?

அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்சார் எடுத்த இந்த இரண்டு குறும்படங்களும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பேச்சு அநேகமாக இல்லை என்பதால் எந்தக் குழந்தைக்கும் போட்டுக் காட்டலாம்.

‘சஞ்சய்ஸ் சூப்பர் டீம்’ (2015) இயக்குநர் சஞ்சய் பட்டேலின் சிறுவயது நினைவிலிருந்து வந்தது. பையன் டிவி கார்ட்டூனில் மூழ்கியிருக்க, அப்பா மணியடித்துப் பூஜை செய்கிறார். டிவியை அணைத்து அவனையும் உட்கார வைக்கிறார். அவன் பகற்கனவில் விஷ்ணு, துர்க்கை, அனுமன் மூவரும் சூப்பர் ஹீரோக்களாக ராவணனோடு மோதுகிறார்கள். ஐந்தாறு வயதுக்கு இதுதான் சரி.

டோமி ஷி இயக்கிய ‘பாவோ’ (2018) இன்னும் ஆழமாகப் போகிறது. 2019இல் ஆஸ்கரும் வாங்கியது. டொராண்டோவில் வாழும் சீன அம்மா ஒருத்தி, தான் செய்த பாவோவை, அதாவது பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த சீனப் பண்டத்தை, கடிக்கப் போகிறாள். அது வீறிட்டு அழுகிறது. கொழுக்கட்டை போன்ற அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறாள். அது பெரியதாகி, காதலியோடு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது தடுக்கப் பார்க்கிறாள். முடியவில்லை. சட்டென வாயில் போட்டு விழுங்கிவிடுகிறாள்!

சின்னப் பிள்ளைகள் இங்கே மிரண்டுபோவார்கள். தயவுசெய்து அந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள், சற்று நேரத்தில் அந்த அம்மாவின் நிஜ மகன் வந்து நிற்கிறான். பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு என் ஓட்டு ‘பாவோ’வுக்குத்தான். அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தால் ரொம்ப நல்லது.