பல் சிகிச்சை: அரசு மருத்துவமனையா, தனியார் கிளினிக்கா?

ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் பல்வலி வந்த குடும்பங்கள் பலவும் இந்தக் குழப்பத்தில்தான் நிற்கின்றன.

செலவு: அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் பல் பிடுங்குவதற்குக் கட்டணமில்லை, தனியாரிடம் வேர் சிகிச்சையும் (பல்லைப் பிடுங்காமல் உள்ளிருக்கும் தொற்றை நீக்கி அடைப்பது) கேப்பும் (பல்லின் மேல் போடும் உறை) சேர்ந்தால் பல ஆயிரம் ரூபாய் ஆகிவிடும்.

நேரம்: அரசு மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பெரும்பாலும் காலையில்தான் பார்ப்பார்கள் என்பதால், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் இழக்கும் அரைநாள் கூலியையும் செலவில் சேர்த்தே கணக்கிட வேண்டும். தனியார் கிளினிக்குகள் பல மாலையிலும் திறந்திருக்கும்.

நீடிப்பு: பல்லைப் பிடுங்குவது மலிவுதான், ஆனால் அந்த இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, எதிர்வரிசைப் பல்லும் நீண்டு, மெல்லுவதே சிரமமாகிவிடும். காப்பாற்றக்கூடிய கடைவாய்ப்பல்லை வேர் சிகிச்சை செய்து வைத்துக்கொள்வதே, என் மதிப்பீட்டில், இறுதியில் குறைந்த செலவு. கேப்பை மட்டும் தள்ளிப்போடக் கூடாது, பல் உடைந்துவிடக்கூடும்.

சர்க்கரை, இதய நோய் உள்ள முதியவருக்கு, பொது மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருக்கும் அரசு மருத்துவமனை பொருந்தும். புகையிலை போடுபவரின் வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கே செல்லட்டும். விடுப்பு கிடைக்காதவருக்கும் பல்லைக் காப்பாற்ற விரும்புபவருக்கும் தனியார் கிளினிக் ஏற்றது. பணமும் குறைவு, பல்லும் வேண்டும் என்போர் திருச்செங்கோட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். அத்தகைய கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வதால் கட்டணம் பொதுவாகக் குறைவு, பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.