காளானை வளர்ப்பதா, அதன் எச்சிலை மட்டும் வாங்குவதா? வைக்கோலை எரிபொருளாக்கும் வழிகள்

பூஞ்சைக்கு வாய் கிடையாது. தின்ன வேண்டிய பொருளின் மேல் நொதிகளைக் கசியவிடும். பொருள் கரைந்ததும் உறிஞ்சிக்கொள்ளும். செரிமானம் நடப்பதே உடம்புக்கு வெளியில்தான். அது கரைத்த சர்க்கரையை அது உறிஞ்சுவதற்குள் நாம் தட்டிப் பறித்துவிட்டால் எரிபொருளாக்கலாம். பூஞ்சையை வைத்துப் பயிர்க்கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கும் யோசனை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எப்படிப் பறிப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதலில் ஒரு கணக்கு. 1 டன் உலர்ந்த வைக்கோலில், குளுக்கோஸ் சங்கிலிகளால் ஆன நார்ப்பொருளான செல்லுலோஸ் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 350 கிலோவும் உடைந்தால் தண்ணீர் சேர்ந்து சுமார் 389 கிலோ குளுக்கோஸ். ஈஸ்ட் அதைப் புளிக்க வைத்தால், கோட்பாட்டளவில் 198 கிலோ, அதாவது 250 லிட்டர் எத்தனால் கிடைக்கும். இதுதான் உச்சவரம்பு. செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் இன்னொரு சங்கிலிப் பொருளான ஹெமிசெல்லுலோஸிலும் சர்க்கரை உண்டு. அது தனிக் கதை, பிறகு வருகிறேன். இடையூறு லிக்னின். செல்லுலோஸ் இழைகளைச் சுற்றிச் சிமெண்ட் பூசியதுபோல் அது நிற்பதால் நொதிகள் உள்ளே போக முடிவதில்லை.

அந்தப் பூச்சைப் பெயர்க்கத் தெரிந்தவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் இவற்றில் ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை. லிக்னினை உடைக்கும் அதன் லிக்னின் பெராக்சிடேஸ் நொதி 1983-இல் கண்டறியப்பட்டது. நமக்கு நன்றாகத் தெரிந்த சிப்பிக் காளானும் இதே கூட்டம்தான். வழி எளிது: வைக்கோலை நனைத்து, ஆவியில் காட்டி, காளான் வித்து கலந்து, காற்றோட்டமாக வைத்தால் போதும். அமிலமோ அழுத்தக் கலனோ தேவையில்லை.

இதற்குப் போட்டியாக நிற்பது, பூஞ்சையைத் தொழிற்சாலையில் தனியாக வளர்த்து நொதியை மட்டும் வடித்தெடுத்து வைக்கோல்மேல் ஊற்றும் வழி. எச்சிலை மட்டும் வாங்குவது என்று நான் சொல்வது இதைத்தான். இதன் நாயகன் டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்தித் துணிகளை அரித்துத் தின்றதால் பிடிபட்ட பூஞ்சை இது. ராணுவத்துக்குத் தலைவலி கொடுத்த அந்தத் திறமையையே பிறகு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கதிர்வீச்சும் ரசாயனமும் காட்டி, சந்ததி சந்ததியாகத் தேர்ந்தெடுத்து, இன்று தொழிற்சாலை வகைகள் லிட்டருக்கு 100 கிராம் வரை புரதத்தை வெளியே சுரக்கின்றன. (காளான் கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் பிடிக்காது. படுக்கையில் பச்சைப் பூசணமாகப் படர்ந்து விளைச்சலைக் கெடுப்பது இதன் உறவினர்கள்தான்.)

இனி இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

நேரத்தில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. வெள்ளை அழுகலுக்கு வாரக்கணக்கு ஆகும். நொதி வழியில், 160 முதல் 220 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைக்கோலைச் சில நிமிடங்கள் வைத்துச் சட்டென்று அழுத்தத்தைத் திறந்தால் இழைகள் வெடித்துப் பிரியும். பிறகு 50 டிகிரியில் நொதியுடன் இரண்டு மூன்று நாள் கிளறினால் சர்க்கரைக் கரைசல் கையில்.

வெள்ளை அழுகலில் எனக்கு உறுத்துவது நேரத்தைவிடக் கூலிதான். பூஞ்சை சும்மா வேலை செய்யாது. லிக்னினை மட்டும் தின்று அது வாழ முடியாது. சர்க்கரையிலும் கை வைக்கும். செல்லுலோஸில் 15 சதவீதத்தை அது தின்றுவிட்டது என்று வைத்தால், மேலே போட்ட கணக்கில் 37 லிட்டர் எத்தனால் போயிற்று. செரிபோரியாப்சிஸ் சப்வெர்மிஸ்போரா போன்ற சில வகைகள் செல்லுலோஸை அதிகம் தொடாமல் லிக்னினைத் தேடித் தின்பவை. ஆனால் அவையும் நிதானமாகத்தான் வேலை செய்யும். இன்னொன்றும் உண்டு, பலர் கணக்கில் சேர்க்காதது: நொதி வழியில் மிஞ்சும் லிக்னினைக் கொதிகலனில் எரித்து அதே ஆலைக்கு நீராவி எடுக்கலாம். வெள்ளை அழுகல் வழியில் அந்த விறகில் ஒரு பங்கைப் பூஞ்சையே எரித்துவிடுகிறது.

சரி, நொதி வழிக்குக் குறையே இல்லையா? இருக்கிறது, அதுவும் பணமாக. 1 கிராம் செல்லுலோஸுக்கு 20 மில்லிகிராம் நொதிப் புரதம் என்று போட்டால் 1 டன் வைக்கோலுக்கு 7 கிலோ வேண்டும். மக்காச்சோள மாவுச்சத்தை உடைக்க இதைவிடப் பல மடங்கு குறைவாகவே போதும். அப்புறம், டிரைக்கோடெர்மாவின் நொதிக்கலவையில் ஒரு ஓட்டை: நீளமான செல்லுலோஸை நன்றாக வெட்டும், இரண்டு குளுக்கோஸ் ஒட்டிய செல்லோபயோஸ் என்ற கடைசித் துண்டைப் பிரிக்கும் நொதி அதனிடம் குறைவு. அந்தத் துண்டு சேரச் சேர வெட்டும் நொதிகளே மந்தமாகிவிடும். அதனால் அஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் பீட்டா-குளுக்கோசிடேஸைக் கடன் வாங்கிக் கலப்பது பழைய வழக்கம்; இப்போது அந்த மரபணுவை டிரைக்கோடெர்மாவுக்குள்ளேயே ஏற்றிவிடுகிறார்கள். நீராவியும் தன் பங்குக்கு ஃபர்ஃபுரால் போன்ற நச்சுகளை விட்டுச் செல்லும். ஈஸ்ட் முடங்கிப்போவது இவற்றால்தான். வெள்ளை அழுகலில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் பக்கம் இது நிஜமான மதிப்பெண்.

நொதியை வாங்காமல் ஆலையிலேயே வளர்த்தால்? அங்கும் இரண்டு கட்சி. ஈரத் தவிட்டிலும் வைக்கோலிலும் தட்டுத் தட்டாகப் பரப்பி வளர்ப்பது திடநிலை நொதித்தல். தண்ணீர்ச் செலவு குறைவு, நொதியும் செறிவாக வரும். ஆனால் வளரும் பூஞ்சை சூட்டைக் கக்கும்; ஈரப் பொதிக்குள்ளிருந்து அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நடுவில் பூஞ்சையே வெந்துபோகும். சின்னத் தட்டில் கிடைத்த அருமையான விளைச்சல் பெரிய கலனில் காணாமல் போவதற்கு முக்கியக் காரணம் இது. கலக்கும் தொட்டியில் திரவமாக வளர்த்தால் வெப்பமும் காற்றும் கைக்குள் இருக்கும். மின்சாரச் செலவுதான் ஏறும். பெரிய ஆலைக்கு நான் தயங்காமல் தொட்டி என்பேன்.

மூன்றாவதாக ஒரு போட்டியாளர் ஆடுமாடுகளின் வயிற்றில் இருக்கிறது. காற்றே ஆகாத இந்தப் பூஞ்சைகளைப் பல காலம் ஒற்றைச்செல் நீந்துயிரிகள் என்றே நினைத்திருந்தார்கள். அவை பூஞ்சைதான் என்று 1975-இல் சொன்னவர் ஆய்வாளர் காலின் ஆர்பின். நொதி சுரப்பதோடு நிற்காமல், வேர் போன்ற இழைகளை உள்ளே செலுத்தி வைக்கோலைப் பிளக்கும். எத்தனாலுக்கு இவை சரிப்படாது. மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிர்களோடு சேர்த்து எரிவாயுக் கலனில் விட்டால் பொருத்தம். ஆனால் ஒரு மூச்சு ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகும் உயிரை டன் கணக்கில் வளர்ப்பது எளிதல்ல. இப்போதைக்கு இவற்றின் பெரிய பங்களிப்பு வேறு இடத்தில்: ஹெமிசெல்லுலோஸின் சைலோஸ் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. ஆசிய யானையின் சாணத்தில் கிடைத்த பைரோமைசஸ் என்ற பூஞ்சையின் ஒரு மரபணுவை ஏற்றிய பிறகுதான் சைலோஸைப் புளிக்க வைக்கும் நல்ல ஈஸ்ட் வகைகளில் ஒரு வரிசை உருவானது. கூட்டாளியாக வராமல், கருவியை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டது.

எத்தனால் என்றால் நொதி வழிதான் என் தேர்வு. எரிவாயு என்றால் பதில் மாறுகிறது. கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்குச் சுத்தமான சர்க்கரை தேவையில்லை, கொஞ்சம் இழப்பும் பெரிதில்லை. அங்கே சிப்பிக் காளான் அறுத்த பிறகு மிஞ்சும் வைக்கோலைப் போடலாம். இழந்த சர்க்கரைக்கு ஈடாகக் காளான் கிடைத்துவிடுகிறதே!

வெள்ளை அழுகலை எத்தனால் பந்தயத்திலிருந்து ஒரேயடியாக வெளியேற்ற எனக்கு மனம் வராததற்கும் காரணம் உண்டு. அறுவடை வருடத்தில் சில வாரங்கள்தான். ஆலையோ வருடம் முழுக்க ஓட வேண்டும். எப்படியும் வைக்கோல் மாதக்கணக்கில் போரில் காத்திருக்கப்போகிறது. அந்தக் காத்திருப்பிலேயே பூஞ்சை பாதி வேலையை முடித்துவைத்தால் நீராவியும் நொதியும் குறையும். சிக்கல் என்னவென்றால், உலர்ந்த போரில் பூஞ்சை வளராது. நனைத்த போரில் நாம் விட்ட பூஞ்சையோடு அழைக்காத நூறு வகைகளும் வளரும், போர் தானாகவே சூடேறும், கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் தீப்பிடித்தும் எரியும்.