பிரட்னிசோலோனா, புடெசோனைடா? அசாதியோபிரினா, மைகோபினோலேட்டா?

உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி (ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்) என்று உறுதியானதும் மருத்துவர் எழுதித் தரும் முதல் சீட்டில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு இருக்கும். எந்த ஸ்டீராய்டு என்பதில்தான் முதல் வழக்கு.

பிரட்னிசோலோன் பழம்பெரும் ஆள். சில வாரங்களிலேயே கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. நொதியின் அளவு இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் கண்ணாடியில் தெரியும் முகம் வேறாகிவிடும்: கன்னம் உப்பும், முகப்பரு முளைக்கும். நள்ளிரவில் பசி எழுப்பும். சர்க்கரை ஏறுவதும் எலும்பு தேய்வதும் சத்தமில்லாமல் நடக்கும். முகத்தைப் பார்த்து வெறுத்துப்போய் மாத்திரையைத் தாமாகவே சட்டென்று நிறுத்துவோர் உண்டு. அது ஆபத்து; அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

புடெசோனைடு இங்கேதான் சாமர்த்தியம் காட்டுகிறது. குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், வேலையை முடித்து, சுமார் 90 சதவீதம் அங்கேயே சிதைந்துவிடுகிறது. மற்ற உறுப்புகளுக்குப் போய்ச் சேருவது சொற்பம். 2010இல் வெளியான, சுமார் 200 பேர் கலந்துகொண்ட ஆய்வில் இரு தரப்புக்கும் துணை மருந்தாக அசாதியோபிரினும் தரப்பட்டது. நொதிகள் சீராகி, ஸ்டீராய்டின் பக்கவிளைவும் இல்லாமல் ஆறு மாதத்தை எட்டியவர்கள் புடெசோனைடு தரப்பில் 47 சதவீதம். பிரட்னிசோலோனின் சகோதரனான பிரட்னிசோன் தரப்பில் 18 சதவீதம். பக்கவிளைவையும் சேர்த்து மதிப்பெண் போட்டால் புடெசோனைடு முந்துவதில் வியப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சாமர்த்தியம் நல்ல கல்லீரலை நம்பியிருக்கிறது. சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை, வந்துவிட்டால் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு மாற்றுப் பாதையில் ஓடும். மருந்தும் சிதையாமல் உடலெங்கும் பரவும். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. ஆகவே சிரோசிஸ் இல்லாதவருக்கு, அதிலும் சர்க்கரையோ எலும்புத் தேய்மானமோ ஏற்கெனவே இருப்பவருக்கு, என் ஓட்டு புடெசோனைடுக்கு. சிரோசிஸ் இருந்தாலோ, நோய் திடீரென்று கடுமையாகத் தாக்கினாலோ, பிரட்னிசோலோன்தான்.

ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவும் துணை மருந்துகளுக்குள் போட்டி இன்னும் சுவாரசியமானது. அசாதியோபிரின் சிலருக்குக் குமட்டல் தரும், வெள்ளணுக்களைக் குறைக்கும். உடல் இந்த மருந்தைக் கையாளும் விதத்தைக் காட்டும் டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 மரபணுச் சோதனைகள் யாருக்கு ஆகாது என்பதை ஓரளவு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, ஆசியர்களிடம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது: அதுவும் அசாதியோபிரினும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கலாம்.

மைகோபினோலேட் பலருக்குச் சற்று எளிதாக ஒத்துக்கொள்கிறது. 2024இல் வெளியான, 70 பேர் கொண்ட ஆய்வில் 24 வாரங்களில் நொதிகள் சீரானது 56 சதவீதத்தினருக்கு, அசாதியோபிரினில் 29. ஒத்துக்கொள்ளாமல் மருந்தை விட்டவர்களும் அசாதியோபிரின் தரப்பில்தான் அதிகம். ஆனால் மைகோபினோலேட் கருவுக்குக் கேடு: கருச்சிதைவும் பிறவிக் குறைபாடும் வரலாம். பிள்ளை பெற நினைக்கும் பெண்ணுக்கு அது சரிவராது. அசாதியோபிரினையோ கர்ப்பத்திலும் தொடரலாம். இரண்டும் கைவிட்டால் நோயெதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் வரும், சிறுநீரகத்தின் மேல் ஒரு கண்ணும் கூடவே.

மருந்தை அடியோடு நிறுத்தினால் நோய் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடுகிறது. நெடுங்காலக் கணக்கில் அசாதியோபிரினுக்குத்தான் பழைய சாட்சி பலமாக இருக்கிறது. 1995இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டை விட்டுவிட்டு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் அதை மட்டும் தொடர்ந்த 72 பேரில் 60 பேருக்கு ஆண்டுக்கணக்கில் நோய் அடங்கியே இருந்தது. ஸ்டீராய்டு நின்றதும் அவர்களில் பலருக்கு மூட்டுவலி வந்தது.