கன்னியாகுமரி சங்குக் கடையில் மெகலோடான் பல்: மூன்றில் எதை வாங்கலாம்?

முக்கடல் கரையை ஒட்டிய சங்குக் கடை ஒன்றில், மெகலோடான் (அழிந்துபோன ராட்சதச் சுறா) பல் என்று மூன்று பற்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் விலைக்கு இருக்கின்றன. கடையின் பெயர் வேண்டாம், சரக்கைப் பார்ப்போம்.

‘இந்தக் கடல்லயே கிடைச்சது சார்’ என்பதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்த மாவட்டத்துப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டும் கொண்டலைட்டும். பூமிக்கடியில் வெந்து உருமாறிய அந்தப் பாறையில் பல் மிஞ்சாது. சந்தைக்கு வருபவை பெரும்பாலும் இந்தோனேசியா, தென் கரோலினா பக்கத்துச் சரக்கு. வயது 2.3 கோடியிலிருந்து 36 லட்சம் ஆண்டுக்குள். இந்த மாவட்டத்து மீனவர் ஊரான தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் பிடித்துவரும் சுறாவின் பல் வெள்ளை. மெகலோடான் பல்லோ வண்டலின் தாது ஏறிச் சாம்பலோ கருப்போ ஆகியிருக்கும். நிறத்தை வைத்து வயது சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பெரியது, 9,000 ரூபாய். அட்டையில் 12 செ.மீ. வளைவின் மேல் டேப்பைப் படியவைத்து அளந்த கணக்கு அது. வேரின் நீண்ட மூலையிலிருந்து நுனிவரை ஸ்கேலை நேராக வைத்தால் 11.4 தான். எடை 153 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் தராசில் 68. எடையில் 85 கிராம் இழப்பு; 153-ஐ 85-ஆல் வகுத்தால் அடர்த்தி 1.8. போலிப் பல் வார்க்கும் வெறும் ரெசின் (செயற்கைப் பிசின்) 1.2 பக்கம் நிற்கும், அசல் பல் பெரும்பாலும் 2.5-ஐத் தாண்டும். கள்ள நோட்டு பார்க்கும் யூ.வி. டார்ச்சை அடித்தால் வேரில் பாதி நீலமாகப் பூக்கிறது. எம்-சீல் மாதிரி ஏதோ அடைத்திருக்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் ஊசிமுனை அளவுக் காற்றுக்குமிழிகள். வலது விளிம்பின் ரம்பப் பற்கள் அரம் வைத்து வெட்டியதுபோல ஒரே சீர். எனாமலுக்கும் வேருக்கும் நடுவில் வரும் பூர்லெட் பட்டையில் பிரஷ் இழுத்த கோடு தெரிகிறது. தராசு தரத் தயங்காத கடைக்காரர், அசிட்டோன் நனைத்த பஞ்சைக் கண்டதும் பெட்டியை மூடிவிட்டார். பெயின்ட் என்றால் பஞ்சில் கருப்பு இறங்கியிருக்கும்.

கல்லோடு இருக்கும் இரண்டாவது மெகலோடானே இல்லை. விளிம்பில் ரம்பம் கிடையாது, அடியில் இருபுறமும் குட்டிப் பல் முளைத்திருக்கிறது. ஓட்டோடஸ் ஒப்ளிகஸ் என்ற வேறொரு அழிந்த சுறாவின் பல், மொராக்கோ பாஸ்பேட் சுரங்கச் சரக்கு. பல் அசல், சுற்றியுள்ள ‘கல்’ மணலும் பசையும். பேனாக்கத்தி நுனிக்கே உதிர்கிறது. அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

மூலையில் கிடக்கும் 7 செ.மீ. பல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நுனி உடைந்தது. 2,200 சொல்கிறார்கள். அடர்த்தி 2.7. நகத்தை ஓட்டினால் விளிம்பு நறநறக்கிறது, வேரில் நுண்துளைகள் மூடாமல் இருக்கின்றன, டார்ச்சுக்கு எங்கும் பூக்கவில்லை. வாங்கினால் இதை வாங்குங்கள், பேரம் பேசியே வாங்குங்கள். பில்லில் ‘ஒட்டு, பூச்சு இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். பளிச்சென்று ஆக்குகிறேன் என்று வினிகரிலோ பாத்ரூம் ஆசிட்டிலோ மட்டும் ஊறவைக்காதீர்கள்: பல் பாஸ்பேட், முதலில் ரம்பம்தான் கரையும்.