"ஸ்ட்ரீம் ஏற்றித் தருகிறோம்" என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்: எங்கள் பாட்டுக்கு நடந்தது

லேபிள் எதுவும் இல்லாமல் சொந்தமாகப் பாட்டு செய்து தாங்களே வெளியிடுகிறவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிடுங்கள். "உங்க பாட்டை நாங்க ப்ரமோட் பண்றோம்" என்று வந்த ஒருவரிடம் நானும் என் தோழியும் பணம் கொடுத்து ஏமாந்தோம். அவள் எழுதிப் பாடுவாள், நான் இசையமைத்து மிக்ஸ் செய்வேன். கொடுத்த பணம் போனது ஒரு பக்கம். எங்கள் பாட்டை உண்மையில் யார் கேட்கிறார்கள், எங்கே கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த ஒரே கணக்கையும் அந்த ஆள் நாசமாக்கிவிட்டுப் போனார். எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

நான்கு பாட்டு கொண்ட ஒரு சின்னத் தொகுப்பு. ஒன்றரை வருட உழைப்பு. டிஸ்ட்ரிப்யூட்டர் (பாட்டை இசைத் தளங்களுக்கு அனுப்பி, வரும் பணத்தை நமக்குத் தரும் நிறுவனம்) வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் என்று எல்லா தளங்களுக்கும் அனுப்பினோம். வெளியான முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் எழுந்ததும், எத்தனை பேர் கேட்டார்கள் என்று தளம் காட்டும் டாஷ்போர்டைத்தான் பார்ப்போம். முதல் பாட்டு மெதுவாக ஏறியது. மற்ற மூன்றும் அசையவில்லை. அந்த நேரத்தில்தான் இன்ஸ்டாகிராமில் செய்தி வந்தது: "ப்ரோ, மூணாவது ட்ராக் வேற லெவல். இது 10,000 போக வேண்டிய பாட்டு. எங்க கிட்ட பிளேலிஸ்ட் நெட்வொர்க் இருக்கு, எல்லாம் 100% ஆர்கானிக்." மூன்றாவது பாட்டில் பிரிட்ஜ் (சரணத்தையும் பல்லவியையும் இணைக்கும் பகுதி) முடிந்ததும் வரும் புல்லாங்குழலைப் பற்றிக்கூட எழுதியிருந்தார். பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார் என்று நம்பினோம்.

ஸ்பாட்டிஃபையின் எடிட்டோரியல் பிளேலிஸ்ட்டுக்கும் (அந்தத் தளத்தின் ஆட்களே தேர்ந்தெடுக்கும் பாட்டுப் பட்டியல்) "பிட்ச்" செய்து, அதாவது விண்ணப்பித்துத் தருவதாகச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார். இதைப் படிக்கிற யாருக்காவது இது தெரியாமல் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: அந்த விண்ணப்பத்தை ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கிலிருந்து நாமே இலவசமாக அனுப்பலாம். ரிலீஸுக்கு முன்பே அனுப்ப வேண்டும். குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், நம்மைப் பின்தொடர்கிறவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலிலும் அந்தப் பாட்டு போய்ச் சேரும். வெளியாகிவிட்ட பாட்டை அந்த வழியில் அனுப்பவே முடியாது. எங்கள் பாட்டு வெளியாகி அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. நடக்கவே முடியாத ஒரு வேலைக்குத்தான் பணம் வாங்கியிருக்கிறார்.

அடுத்தது, டாஷ்போர்டுக்கு டீம் அனுமதி கேட்டார். கொடுத்தோம். "ரிப்போர்ட்டெல்லாம் நாங்களே எடுத்து வாராவாரம் அனுப்பிடுவோம், நீங்க பாட்டுல கவனம் வைங்க" என்றார். அந்தப் பேச்சு அப்போது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மிக்ஸிங், பதிவேற்றம், போஸ்டர், கணக்கு என்று எல்லாவற்றையும் இரண்டே பேர் பார்த்துக் களைத்துப்போயிருந்தோம்.

வாராவாரம் வந்தது ஒரு ஸ்கிரீன்ஷாட். மேலே மொத்த ஸ்ட்ரீம் எண், அதாவது பாட்டு எத்தனை முறை ஓடியது என்பது, அதற்குக் கீழே ஏறுகிற பச்சைக் கோடு, அத்தோடு முடிந்தது. கேட்டவர்கள் எத்தனை பேர், சேவ் எத்தனை என்று இருக்கும் பகுதி வெட்டப்பட்டிருக்கும். நான்காவது வாரம் வந்த படத்தில் மட்டும் கீழ் ஓரத்தில் ஓர் எழுத்தின் தலை கொஞ்சம் தெரிந்தது, அவசரத்தில் சரியாக வெட்டவில்லை. அன்றைக்கே நானே உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். 9,400 என்ற எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் அவளுக்கு ஃபோன் போட்டேன். அவள் அழுதேவிட்டாள்.

அந்த எண்ணை நம்பி நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி.

மூன்றாவது பாட்டுதான் போகிறது என்று முடிவு செய்து, அதற்கு வீடியோ எடுத்தோம். கையிலிருந்த மீதிச் சேமிப்பு மொத்தமும் அதற்குப் போனது. பிறகு, எந்த நகரத்தில் அதிகம் கேட்கிறார்கள் என்று அவரிடமே கேட்டோம். ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னார். அந்த நகரத்தைக் குறிவைத்து விளம்பரம் போட்டோம். பத்து நாள் ஓடியது. லிங்க்கைத் தொட்டவர்கள் பதினொரு பேர். அத்தனை ஆயிரம் முறை ஒரு பாட்டு ஒலிக்கிற ஊரில், அதைப் பாடியவரின் விளம்பரத்தைத் தொட ஆளே இல்லையா? அப்போதுதான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அன்றிரவு உட்கார்ந்து எல்லாத் திரையையும் ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தேன். மூன்றாவது பாட்டின் 28 நாள் கணக்கில் ஸ்ட்ரீம் 9,400, கேட்டவர்கள் 212 பேர். ஒருவர் சராசரியாக 44 முறை கேட்டிருக்க வேண்டும். சேவ் செய்தவர்கள் 3 பேர். ஒரு பாட்டை மாதத்தில் 44 தடவை கேட்கிற மனிதர் அதைத் தன் பட்டியலில் வைத்துக்கொள்ளாமல் இருப்பாரா? முதல் பாட்டை எடுத்தால் ஸ்ட்ரீம் 1,310, கேட்டவர்கள் 520 பேர், சேவ் 96. ஆளுக்கு இரண்டரை முறை. மனிதர்கள் கேட்கிற கணக்கு இப்படித்தான் இருக்கும். எங்கள் ரசிகர்கள் அங்கே இருந்தார்கள். நாங்கள் வேறு பக்கம் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பாட் (ஆள் இல்லாமல் தானாகவே பாட்டை ஓடவிடும் மென்பொருள்) எல்லாமே இந்த ஜாடையில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகள் ஆளுக்கு ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டுப் போகிற வகையும் உண்டு. அப்போது ஸ்ட்ரீமும் கேட்டவர் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், சேவும் ஃபாலோவும் மட்டும் ஏறவே ஏறாது. அதனால் ஒரே ஒரு விகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஸ்ட்ரீம் எங்கிருந்து வருகிறது என்ற பகுதியையும் கட்டாயம் பாருங்கள். எங்களுடையதில் அநேகமாக எல்லாமே ஒரே ஒரு பிளேலிஸ்ட்டிலிருந்து வந்திருந்தது. அதைத் திறந்து பார்த்தேன். பொதுப்படையான ஒரு பெயர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல மொழிப் பாட்டுகள், எல்லாமே எங்களைப் போன்ற பெயர் தெரியாதவர்களுடையவை. எங்களைப் போலவே ஏமாந்தவர்கள் என்று நினைக்கிறேன். கோட்டைப் பார்த்தால், மனிதர்கள் கேட்கும்போது இருக்கும் ஏற்ற இறக்கம் இல்லை. ஒருநாள் திடீரென்று செங்குத்தாக ஏறி, மேசை மாதிரி சமமாக ஓடி, அவருக்கு நாங்கள் தவணை கட்டத் தாமதித்த வாரத்தில் சடாரென்று விழுந்திருந்தது.

மற்ற தளங்களையும் அப்போதுதான் ஒப்பிட்டேன். ஆப்பிள் மியூசிக் ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் ஷசாம் எண்ணிக்கையும் வரும். முதல் பாட்டை மூன்று மாதத்தில் 17 பேர் ஷசாம் செய்திருந்தார்கள். யாரோ எங்கேயோ காதில் விழுந்த பாட்டு என்னவென்று தெரிந்துகொள்ள ஃபோனை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். மூன்றாவது பாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு தளத்தில் மட்டும் பறந்து மற்ற எல்லாத் தளத்திலும் செத்துக் கிடக்கிற பாட்டை நம்பாதீர்கள்.

விற்பனை ரிப்போர்ட் இதற்கெல்லாம் அப்புறம்தான் வந்தது. டாஷ்போர்டில் நேற்றைய கணக்கு இன்றைக்கே தெரிந்துவிடும், ஆனால் தளங்கள் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அனுப்பும் பணக்கணக்கு கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்த இடைவெளிதான் இவர்களுக்குப் பிழைப்பு. உண்மைக் கணக்கு வருவதற்குள் பணத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம். ரிப்போர்ட்டை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்தேன். பாட்டின் பெயரை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், ஒரே தமிழ்த் தலைப்பு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும், கூட்டினால் தவறும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் இருக்கிறது, அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். நான் அப்படிச் செய்தபோது மூன்றாவது பாட்டின் ஐஎஸ்ஆர்சிக்கு நேராக வந்த ஸ்ட்ரீம் 640. 9,400 இல்லை. மீதியெல்லாம் போலி என்று கழித்துவிட்டார்கள்.

2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி இருக்கிறது. முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு அந்த ஒலிப்பதிவுக்கான ராயல்டி கிடையாது. ஆக, அந்த 640 முறை உண்மையாகக் கேட்கப்பட்டதற்கும் எங்களுக்கு எதுவும் இல்லை. அதே ஆண்டிலிருந்துதான், அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்டால் பாட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று லேபிளிடமும் டிஸ்ட்ரிப்யூட்டரிடமும் அபராதம் வாங்குகிறார்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் அதை நம் தலையில் வைப்பார். எங்கள் இருப்பிலிருந்து கழித்துக்கொண்டு ஒரு மின்னஞ்சல் வந்தது: மறுபடி நடந்தால் கணக்கே மூடப்படும், விசாரணை முடியும்வரை நான்கு பாட்டின் வருமானமும் நிறுத்திவைக்கப்படும். முதல் பாட்டு நேர்மையாகச் சம்பாதித்ததும் அதில் சேர்ந்து மாட்டிக்கொண்டது. நாங்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று எழுதினோம். "உங்கள் பாட்டின் பொறுப்பு உங்களுடையது" என்று பதில் வந்தது. மனசு வலித்தாலும் அந்தப் பதிலில் தவறில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஏனென்றால் இது எங்கள் இரண்டு பேரின் நஷ்டம் மட்டுமில்லை. பெரும்பாலான தளங்களில் ராயல்டி ஒரு பொதுப் பானையிலிருந்து, மொத்த ஸ்ட்ரீமில் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரிகிறது. போலி ஸ்ட்ரீம் ஒன்று கணக்கில் தப்பித்தால், உண்மையாகக் கேட்கப்பட்ட இன்னொருவர் பாட்டின் காசு அதில் போகிறது. பிரான்ஸின் தேசிய இசை மையம் 2021-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து, அந்நாட்டு ஸ்ட்ரீம்களில் 1 முதல் 3 விழுக்காடு போலி என்று 2023-இல் சொன்னது, அதுவும் கண்டுபிடிக்க முடிந்தவை மட்டும். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில், பாட்களை வைத்துத் தன் பாட்டுகளை ஓடவிட்டு 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி எடுத்ததாக ஒருவர் மேல் வழக்கே போட்டார்கள். நாங்கள் தெரியாமல் என்றாலும் அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறோம்.

அவரிடம் கேட்டோம். முதலில் "சிஸ்டம் அப்டேட் ப்ரோ, ரெண்டு நாள்ல எண்ணிக்கை திரும்ப வந்துடும்" என்றார். ரிப்போர்ட்டின் அந்த வரியை அனுப்பினேன். "வேற பிளேலிஸ்ட்ல போட்டு ஈடு பண்ணிடறேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எங்களைப் பிளாக் செய்துவிட்டார். டீம் பட்டியலில் அவர் பெயர் அப்புறமும் இரண்டு வாரம் இருந்தது. எங்களுக்கு நீக்கவே தோன்றவில்லை. நீங்கள் யாருக்காவது அனுமதி கொடுத்திருந்தால் இன்றைக்கே உள்ளே போய்ப் பாருங்கள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நாங்கள் கணக்கு பார்க்கிற விதமே மாறிவிட்டது. ஒரு நோட்டில் தேதி போட்டு, அன்றைக்கு என்ன செய்தோம் என்று அவள் எழுதுகிறாள்: ரீல் போட்டது, ஒரு வானொலியில் ஒலித்தது, மேடையில் பாடியது. ஒரே வாரத்தில் இரண்டு விஷயம் செய்வதில்லை. செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி லிங்க் போடுகிறோம், அதனால் எந்தப் பதிவிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரிகிறது. கலைஞர்களே ரசிகர்களுக்கு நேராகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்திலும் பாட்டுகளை வைத்திருக்கிறோம். அங்கே காசு கொடுத்து வாங்கியவர்கள் சம்மதித்தால் அவர்களின் மின்னஞ்சல் முகவரி நமக்கே கிடைக்கிறது. அப்படி இதுவரை 31 பேர். அடுத்த பாட்டு வரும்போது அவர்களுக்கு நேராகக் கடிதம் எழுதலாம், நடுவில் யாரும் தேவையில்லை.

நீங்கள் யாருக்கும் பணம் கொடுக்காமலே திடீரென்று இப்படி ஒரு கோடு ஏறினாலும் சும்மா இருந்துவிடாதீர்கள். இந்தப் பிளேலிஸ்ட்காரர்கள் கேட்காமலும் பாட்டுகளைச் சேர்த்துக்கொள்வது உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிளேலிஸ்ட்டின் பெயரோடு டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள். பிறகு விளக்கம் கேட்டு வரும்போது, நாம் முன்னாடியே சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும்.

போன வாரம் நண்பர் ஒருவர், தனக்கு வந்த செய்தியை என்னிடம் காட்டினார். வேறு பெயர், வேறு படம். "இது 10,000 போக வேண்டிய பாட்டு", "பிளேலிஸ்ட் நெட்வொர்க்", "100% ஆர்கானிக்" என்று வரிக்கு வரி அதேதான். எங்கள் புல்லாங்குழல் இருந்த இடத்தில் அவருடைய வயலின் இருந்தது. இந்த வாசகம் உங்களுக்கும் வந்திருந்தால் பதில் போடாமல் முதலில் எனக்கு அனுப்புங்கள், எங்களிடம் இருக்கிற ஸ்கிரீன்ஷாட்டுகளையும் ரிப்போர்ட்டையும் தருகிறேன், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.